பெட்டரி சாகும் முன்: ஒரு கேம் கெசட்டும் பதுளையின் கொஞ்சம் வரலாறும்

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. தேநீர் ஊற்றிக்கொண்டு வந்து உட்காருங்கள்.

சில வருடங்களுக்கு முன் பசறைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வந்து எங்களிடம் படித்த ஒரு பிள்ளை, தவணைப் பரீட்சை முடிந்த கையோடு கணினி அறைக்குள் வந்து நின்றான். கையில் சாப்பாட்டுச் சீலையில் சுற்றிய ஒரு சாமான். பிரித்துப் பார்த்தால் ஊதா நிற கேம் போய் கலர், அதற்குள் போக்கெமொன் கோல்ட் கெசட். அம்மா குவைத்தில் வேலை செய்த வீட்டுப் பிள்ளை வளர்ந்த பிறகு அவருக்கே கொடுத்துவிட்டதாம். நாங்கள் நினைத்தது, தாய் மகனுக்காகக் கொண்டுவந்திருப்பார் என்று. இல்லை. விளையாடியதே தாய்தான். அந்த வீட்டுச் சின்னப்பிள்ளை அவருக்குப் பழக்கிவிட்டிருக்கிறது. சமையலறைக்குப் பக்கத்துச் சின்ன அறையில், எல்லோரும் படுத்த பிறகு, சத்தத்தைக் குறைத்துவிட்டு விளையாடியிருக்கிறார். போட்டதும் வருகின்ற திரையில் அந்தப் பிள்ளை அவரைக் கூப்பிட்ட பெயரின் பாதி, அதற்குக் கீழே 189 மணித்தியாலம்.

பையனின் பிரச்சினை இதுதான்: கேமுக்குள் இருக்கும் மணிக்கூடு பிந்தத் தொடங்கிவிட்டது. டவுனில் ஒரு போன் கடையில் காட்டியபோது "உள்ளே பெட்டரி சாகப்போகுது, மாத்தினா சரி" என்றிருக்கிறார்கள். மாற்றினால் சரிதான், ஆனால் 189 மணித்தியாலமும் போய்விடும். அதைக் கடையில் யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. அவனுக்கே எங்கேயோ சந்தேகம் தட்டியிருக்கிறது.

"சேர், இதைக் கொம்பியூட்டருக்கு எடுக்கலாமா?" என்று கேட்டான். கொஞ்சம் பொறுத்து, "எடுத்தா அது களவா?" என்றும் கேட்டான்.

அந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் தேடப்போய்த்தான் நாங்கள் இந்த வரலாற்றுக்குள் விழுந்தோம்.

எங்கள் தலைமுறைக்கு "சேவ்" என்ற ஒன்றே கிடையாது. தொண்ணூறுகளில் பதுளை பஸாருக்கு வந்தது சீன, தாய்வான் டீவி கேம்கள். நிண்டெண்டோ 1983இல் ஜப்பானில் வெளியிட்ட பெமிகொம் இயந்திரத்தின் நகல்கள் அவை. எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. டீவி கேம் என்றால் டீவி கேம். புறக்கோட்டையில் வாங்கி, இரவு ரயிலில் சாக்கோடு வந்திறங்கும். மரியோவிலும் கொன்ட்ராவிலும் சேவ் இல்லை. தொடங்கினால் முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் முதலிலிருந்து. 1996இல் மழை பொய்த்து நீர்மின் நிலையங்கள் படுத்தன; நாடு முழுக்க நாளுக்குப் பல மணித்தியாலம் கரண்ட் இல்லை. எட்டாவது உலகத்துக்குப் போன மரியோ அங்கேயே செத்துப்போவான். வீட்டில் உம்மா "நல்ல வேலை" என்பார்.

அப்போது சேவ் பண்ணுவதற்கு இருந்த ஒரு வழி கடவுச்சொல். ஜப்பானில் 1986இல் வந்த டிராகன் குவெஸ்ட், ஆட்டத்தின் நிலையை ஒரு நீண்ட எழுத்து வரிசையாக மாற்றித் திரையில் காட்டும். அடுத்த நாள் அதை அப்படியே அடித்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இரண்டாம் பாகத்தில் அந்த வரிசை 52 எழுத்துவரை நீண்டது. ஒரு எழுத்துப் பிழைத்தால் எல்லாம் போச்சு. கடவுச்சொல் உள்ள கேம்கள் சில எங்கள் கைக்கும் வந்தன. சீ.ஆர். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தோம். கணிதக் கொப்பியில் எழுதி அடி வாங்கியவர்களும் எங்களுக்குள் உண்டு, இப்போது அவர்கள் கணித ஆசிரியர்கள்.

இதை மாற்றியது ஒரு சின்ன வட்டப் பெட்டரி. அமெரிக்காவில் 1987இல் வந்த செல்டா கெசட்டுக்குள் ஒரு சிறு நினைவகச் சில்லையும், அதை உயிரோடு வைத்திருக்க ஒரு நாணய அளவு பெட்டரியையும் வைத்தார்கள். அந்த நினைவகம் கரண்ட் இருக்கும்வரைதான் எதையும் ஞாபகம் வைத்திருக்கும். இயந்திரத்தை நிறுத்தினால் பெட்டரி பொறுப்பெடுக்கும். நிறுத்தும் அந்தக் கணத்தில் குப்பைத் தரவு எழுதப்பட்டுவிடும் என்ற பயத்தில், ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே நிறுத்தச் சொன்னார்கள்.

1989இல் குன்பெய் யொகொய் குழுவினரின் கேம் போய் வந்தது. நாலு சின்ன பெட்டரி போட்டால் ஓடும். லயத்துக் காம்பராவுக்கும் குவைத் வீட்டுச் சமையலறைக்கும் பொருந்தக்கூடிய இயந்திரம் அதுதான், மின்வெட்டு அதை ஒன்றும் செய்யாது. 1996இல் போக்கெமொன் வந்தபோது சேவ்தான் ஆட்டத்தின் உயிர் என்றாகிவிட்டது. பிடித்து வளர்த்த பிராணிகளெல்லாம் அந்த 32 கிலோபைட்டுக்குள் இருந்தன. 1999இல் வந்த கோல்ட், சில்வர் இரண்டிலும் ஒரு மணிக்கூடும் சேர்ந்தது. வெளியில் இரவென்றால் கேமுக்குள்ளும் இரவு. அழகான யோசனைதான், ஆனால் இயந்திரத்தை நிறுத்திய பிறகும் அந்த மணிக்கூடு ஓட வேண்டும். நினைவகத்தையும் மணிக்கூட்டையும் ஒரே பெட்டரி சுமந்தது. அதனால் முந்திய கெசட்டுகளைவிட இவை சீக்கிரம் செத்தன. மணிக்கூடு பிந்துகிறது என்று பையன் சொன்னபோது, நேரம் அதிகமில்லை என்று எங்களுக்கு விளங்கியது.

இடையில் ஒன்று. கேம் போயைப் போட்டதும் மேலிருந்து நிண்டெண்டோ என்ற பெயர் இறங்கி வருமே, அது வெறும் அலங்காரமல்ல. அந்த எழுத்துருவம் 48 பைட்டாக ஒவ்வொரு கெசட்டுக்குள்ளும் இருக்கும். இயந்திரம் அதைத் தன்னிடம் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தினால்தான் ஓடும். அனுமதியில்லாமல் கெசட் செய்கிறவன் நிண்டெண்டோவின் வணிகக் குறியை நகலெடுக்காமல் செய்ய முடியாது. நகலெடுத்தால் வழக்குப் போடலாம். கெசட்டின் உலோகக் கால்கள் அழுக்கானாலும் அந்தப் பெயர் கறுப்புக் கட்டையாகத் தெரிந்து இயந்திரம் உறைந்து நிற்கும். நாங்கள் ஊதினோம். ஊதக்கூடாது, எச்சில் ஈரம் உலோகத்தைத் தின்னும். மதுசாரம் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்துக் காயவிட வேண்டும்.

கள்ளக் கெசட்டுகள் அந்த 48 பைட்டையும் வைத்துக்கொண்டே வந்தன. ஆனால் செலவைக் குறைக்கப் பலவற்றில் பெட்டரியை விட்டுவிட்டார்கள். சேவ் ஆகிவிட்டது என்று கேம் சொல்லும், நிறுத்திப் போட்டால் ஒன்றும் இருக்காது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப்பேர் தங்கள் கைதான் பிழை என்று நினைத்து வளர்ந்தார்கள்.

எமியுலேட்டர் தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் தொடங்கிய கதை. மராட் பைசுலின் என்பவர் எழுதிய வேர்ச்சுவல் கேம்போய் ஆரம்பகாலத்தது. 1997இல் நெஸ்டிகல் இலவசமாக வந்து டீவி கேம்களைக் கணினிக்குள் கொண்டுவந்தது. ஒரு இயந்திரத்தை இன்னொரு இயந்திரம் நடித்துக் காட்டுவதுதான் எமியுலேட்டர். கெசட்டிலுள்ள நிரலின் நகலை ரொம் என்பார்கள். போக்கெமொன் ரெட் 1 மெகாபைட், ஒரு பிளொப்பியில் அடங்கும். கோல்ட் 2 மெகாபைட், அடங்காது. நெட் கபேயிலிருந்து இரண்டாக உடைத்துக் கொண்டுவந்து, இரண்டாவது பிளொப்பி வாசிக்காமல் தலையில் கைவைத்த ஒரு சனிக்கிழமை எங்களுக்கு இன்னும் ஞாபகம்.

சட்டம் அதே காலத்தில்தான் இதைப் பிடித்தது. 1992இல் அமெரிக்காவில் சேகாவுக்கும் அக்கொலேட் என்ற கம்பனிக்கும் வழக்கு. பொருந்தக்கூடிய கேம் செய்வதற்காக அடுத்தவனின் நிரலைப் பிரித்துப் படிப்பது நியாயமான பாவனை என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2000இல் சொனிக்கும் கனெக்டிக்ஸுக்கும் நடந்த வழக்கில் அதே நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது: பிளேஸ்டேஷனை மெக் கணினியில் நடிக்கவைக்கும் நிரலை எழுதுவது குற்றமல்ல. தோற்ற சொனி அடுத்த வருடமே அந்த நிரலை விலைக்கு வாங்கி நிறுத்திவிட்டது. பிளீம் என்ற இன்னொரு கம்பனியும் சொனியுடன் வழக்காடி வென்றது, ஆனால் வழக்குச் செலவிலேயே 2001இல் இழுத்து மூடியது. எமியுலேட்டர் செய்வது குற்றமல்ல என்பதும், செய்கிறவன் பிழைப்பான் என்பதும் வேறு வேறு விஷயங்கள்.

அண்மைக் கதை 2024. சுவிட்ச் இயந்திரத்துக்கு யூசு என்ற எமியுலேட்டர் செய்தவர்கள்மீது நிண்டெண்டோ வழக்குப் போட்டது. 24 இலட்சம் டொலருக்குச் சமாதானம் ஆனார்கள். அவர்களோடு சேர்ந்த சிட்ராவும், அதாவது கையடக்க 3டீஎஸ் இயந்திரத்தின் எமியுலேட்டரும், அன்றே நின்றது. அங்கே வாதம் நடித்துக் காட்டுவதைப் பற்றியதல்ல, பூட்டை உடைப்பதைப் பற்றியது. புதிய கேம்கள் குறியாக்கம் செய்து பூட்டப்பட்டவை, 1998ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் பூட்டை உடைப்பதைத் தனிக் குற்றமாக்கியது. பழைய கேம் போய் கெசட்டில் அப்படிப் பூட்டு இல்லை. அதே 2024 ஏப்ரலில்தான் அப்பிள் பழைய கேம் எமியுலேட்டர்களைத் தன் கடைக்குள் அனுமதித்தது.

இலங்கைக்கு வருவோம். இங்கே ஆள்வது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். வேறு நூல்களை ஒருவர் தன் சொந்தத் தேவைக்கு ஒரு பிரதி எடுக்க அது இடம் கொடுக்கிறது, ஆனால் கணினி நிரலைத் தனியாகப் பிரித்து வேறு விதி வைக்கிறது. நிரலின் பிரதியொன்றைச் சட்டப்படி சொந்தமாக வைத்திருப்பவர் அதிலிருந்து ஒரேயொரு பிரதி எடுக்கலாம். அது கணினியில் பாவிக்கத் தேவையானதாக இருக்க வேண்டும். அல்லது மூலம் தொலைந்தாலோ அழிந்தாலோ பாவிக்க முடியாமல் போனாலோ மாற்றாக வைப்பதற்காக இருக்க வேண்டும். மூலத்தின்மீது உரிமை போனால் பிரதியையும் அழித்துவிட வேண்டும்.

பையனுக்கு இதைத்தான் வாசித்துக் காட்டினோம். கெசட் உன் அம்மாவுக்கு அன்பளிப்பாக வந்தது, அது அவருடையது. பெட்டரி சாகப்போகிறது. அதிலிருந்து ஒரு பிரதி எடுப்பது களவல்ல. ஆனால் 400 கேம் போட்ட சீனக் கையடக்க இயந்திரமும், கம்யூனிகேஷனில் சிப் நிறைய ஏற்றித் தரும் ரொம்களும் இந்த விதிக்குள் வராது. 24 மணித்தியாலம் வைத்திருந்துவிட்டு அழித்தால் குற்றமில்லை என்று இணையத்தில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம், அப்படி எந்தச் சட்டத்திலும் இல்லை.

இங்கே எங்களுக்குள்ளேயே வாதம் வந்தது. ஒரு ஆசிரியர் கேட்டார்: புதிய அசல் கேம் ஒன்று 60 டொலர் என்று வைப்போம். டொலர் 300 ரூபா என்று வைத்தால் 18,000. 2024இல் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350. பதின்மூன்று நாள் கொழுந்துக்கு ஒரு கேம். பதுளை பஸாரில் அசல் கேம் போய் கெசட் விற்ற கடையொன்றை நாங்கள் கண்டதே இல்லை. வாங்க வழியில்லாததைக் களவு என்பது எப்படி நியாயம்? நியாயமான கேள்வி. அமெரிக்காவிலேயே பழைய கேம்களில் 87 வீதம் இன்று கடையில் வாங்க முடியாதவை என்று 2023இல் அங்குள்ள வீடியோ கேம் வரலாற்று நிறுவனம் கணக்குச் சொன்னது. எங்கள் கருத்து இது: ஏழ்மை காரணத்தை விளக்கும், சட்டத்தை மாற்றாது. சட்டம் மாற வேண்டும் என்றும் நாங்கள் நினைக்கிறோம். ஆனால் வகுப்பறையில் நின்று பிள்ளைகளிடம் "பரவாயில்லை, எடு" என்று சொல்ல எங்களால் முடியாது.

சரி, கெசட்டுக்கு வருவோம். கொழும்பில் இருக்கும் எங்கள் பழைய மாணவர் ஒருவரிடம் கெசட் வாசிக்கும் சிறு கருவி இருந்தது. பஸ்ஸில் பார்சல் போட்டு அனுப்பினார். கெசட்டின் கால்களைத் துடைத்து, கருவியில் செருகி, முதலில் சேவை மட்டும் எடுத்தோம். 32,768 பைட். இரண்டு தரம் எடுத்து ஒப்பிட்டோம், ஒன்றுக்கொன்று மாறவில்லை. பிறகுதான் நிரலை எடுத்தோம். பெட்டரியைத் தொடவேயில்லை.

எமியுலேட்டரில் போட்டால் புது ஆட்டம்! பையனின் முகம் வெளிறியது. காரணம் அற்பம்: ரொம் பைலின் பெயரும் சேவ் பைலின் பெயரும் ஒரு எழுத்துக்கூட மாறாமல் இருக்க வேண்டும். பெயரைத் திருத்தியதும் தாயின் பெயர் வந்தது, கூடவே நேரத்தைத் திருத்தச் சொல்லி ஒரு அறிவிப்பும். சில எமியுலேட்டர்கள் மணிக்கூட்டின் நிலையைச் சேவ் பைலின் வாலில் 44 அல்லது 48 பைட்டாக ஒட்டி வைக்கும். எங்கள் பைலில் வால் இல்லை. நேரத்தை வைத்துச் சேவ் பண்ணியதும் 32,816 ஆனது. உங்கள் பைலின் அளவு கொஞ்சம் கூடியிருந்தால் பழுதாகிவிட்டது என்று அழித்துவிடாதீர்கள், வாலாக இருக்கலாம்.

2020இல் பாடசாலைகள் மூடியபோது ஒன்லைன் வகுப்புக்கென்று லயங்களுக்கும் போன் வந்தது. அதற்குப் பிறகு எங்களிடம் அதிகம் வரும் முறைப்பாடு "சேர், சேவ் ஆகுதில்ல" என்பதுதான். ஆகவே கொஞ்சம் விளக்கிவிடுகிறோம். கேமுக்குள் பண்ணும் சேவும், எமியுலேட்டரின் பட்டியலில் உள்ள சேவ் ஸ்டேட்டும் ஒன்றல்ல. முன்னையது கெசட்டின் பெட்டரி நினைவகம். பின்னையது அந்தக் கணத்தில் முழு இயந்திரத்தையும் பிடித்த படம். நேற்றுக் கேமுக்குள் சேவ் பண்ணிவிட்டு இன்று போன மாதத்துச் சேவ் ஸ்டேட்டைத் திறந்தால், போன மாதத்துப் பெட்டரி நினைவகமும் சேர்ந்து வந்து நேற்றையதை மூடிவிடும். இதில் விழாத பிள்ளை இல்லை, நாங்களும் விழுந்தோம். பையன் போனில் அப்படித்தான் ஒரு நாள் தாயின் சேவை அழித்துவிட்டு ஓடி வந்தான். கணினி அறையில் பிரதி இருந்ததால் தப்பித்தோம்.

ரெட்ரோஆர்க் பாவிப்பவர்கள், அந்தச் சீனக் கையடக்கங்கள் பலவற்றில் உள்ளே இருப்பது அதுதான், ஒன்றைக் கவனியுங்கள். அது கேமை மூடும்போதுதான் சேவைச் சிப்பில் எழுதும். கேமுக்குள் சேவ் பண்ணிவிட்டு ஆளியைத் தட்டி நிறுத்தினால் போய்விடும். அமைப்புகளில் தானாகச் சேவ் எழுதும் இடைவெளி என்று ஒன்று உண்டு, அதைப் போட்டுவிடுங்கள்.

கேம் போய் அட்வான்ஸில் சிக்கல் வேறு மாதிரி. 2001இல் வந்த அந்த இயந்திரத்தின் கெசட்டுகளில் மூன்று வகை நினைவகம்: எஸ்ரேம், ஈஈப்ரொம், பிளாஷ். எது என்று எங்கும் தெளிவாக எழுதியிருக்காது. நிரலுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு சொல்லைத் தேடி எமியுலேட்டர் ஊகிக்கும். போக்கெமொன் பயர்ரெட் 128 கிலோபைட் பிளாஷ்; எமியுலேட்டர் வேறொன்று என்று ஊகித்தால், 1எம் உபசுற்றுப் பலகை பொருத்தப்படவில்லை என்று புரியாத ஆங்கிலத்தில் ஒரு செய்தி வரும். சேவ் வகையைக் கையால் மாற்றினால் சரி. இந்த ஊகத்தை நிண்டெண்டோவும் அறிந்திருந்தது. 2004இல் பழைய டீவி கேம்களை அட்வான்ஸுக்கு மறுபடி வெளியிட்டபோது, உள்ளே எஸ்ரேம் என்று பொய்யாக எழுதிவிட்டு ஈஈப்ரொமைப் பாவித்தார்கள். எழுதியதை நம்பிய எமியுலேட்டரில் கேம் பிழை காட்டி நின்றுவிடும். எங்களுக்கு அது அந்தக் காலத்து எல்லைக்கல்லை நகர்த்தும் வேலைபோலத் தெரிந்தது, சிரிப்பும் வந்தது.

கடைசியாக ஒரு கேள்வி மிஞ்சியது. நிரல் நிண்டெண்டோவுடையது, சேவ் யாருடையது? ஜப்பானில் டொக்கிமெக்கி மெமோரியல் என்ற காதல் கேமுக்கு, எண்களை உயர்த்தி வைத்த சேவ் தரவை மெமரி கார்டில் போட்டு ஒரு கம்பனி விற்றது. கொனாமி வழக்குப் போட, 2001 பெப்ரவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கொனாமிக்குச் சார்பாகத் தீர்ப்புச் சொன்னது: அப்படி மாற்றிய சேவ் கதையின் ஓட்டத்தையே திரிக்கிறது, ஆக்கியவரின் உரிமையை மீறுகிறது. 2018இல் சேவ் மாற்றித் தரும் தொழிலையே அங்கே சட்டத்தால் தடுத்தார்கள். ஆனால் ஒரு தாய் தன் கையால் விளையாடிச் சேர்த்த சேவை, மாற்றாமல், அப்படியே வைத்திருப்பதை அந்தத் தீர்ப்பு தொடவில்லை.

இங்கே எங்கள் பிழையையும் சொல்ல வேண்டும். சட்டம் ஒரேயொரு பிரதி என்கிறது. எங்களிடம் நிரல் இரண்டு இடத்தில் இருந்தது, கணினி அறையிலும் பையனின் போனிலும். கவனித்தது மாணவி ஒருத்தி. "சேர், நீங்களே ரெண்டு வெச்சிருக்கீங்களே?" என்றாள். கணினி அறையிலிருந்த நிரலை அன்றே அழித்தோம். சேவ் பைலை மட்டும் வைத்துக்கொண்டோம். அது அமானிதம்.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குத் தாய் வந்தார். மகன் போனைக் கொடுத்தான். கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பொத்தான் இல்லாம எப்படிங்க சேர் வெளயாடுறது?" என்றார். திரையில் விரல் வைத்துக் காட்டினோம். ஆள் நேராகப் போய்ச் சுவரில் முட்டி நின்றது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போனை மகனிடமே கொடுத்துவிட்டு, அந்த ஊதா இயந்திரத்தை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அந்தக் கெசட்டின் பெட்டரி அடுத்த வருடம் செத்தது. வேறு பெட்டரி பற்றவைத்து, அதே கருவியால் அதே சேவைத் திருப்பி ஏற்றிக் கொடுத்தோம்.

ஊவாவில் யார் வீட்டிலாவது பழைய கேம் போய் கெசட் சேவோடு கிடந்தால், பெட்டரியைக் கழற்றாமல், கழற்ற யாரையும் விடாமல் எடுத்து வாருங்கள். சனிக்கிழமை பின்னேரங்களில் கணினி அறை திறந்திருக்கும்.